பொன்னாடைக்கு அடியில்

ஐந்தாண்டுகளாக எதையுமே விதைக்காத அரும்பணிக்காக வீரக்கண்ணுவுக்குச் 'சிறந்த தரிசு உழவர்' பட்டமும் பொன்னாடையும் கிடைத்திருந்தன. வயலில் பச்சை தெரிந்தால், தரிசாகப் போடுவதற்கு அரசு தரும் மானியம் நின்றுவிடும். குடும்பமே அதில்தான் ஓடுகிறது.

இந்த மழைக்கு, எப்போதோ சிந்திய நெல் ஒரு கொத்து வரப்போரம் தானாக முளைத்துக் கதிரும் விட்டுவிட்டது.

"பிடுங்கிப் போடுங்க. நாளைக்கு ட்ரோன் பாத்துச்சுன்னா நமக்குச் சோறு கிடையாது," என்றாள் மனைவி செங்கமலம். அவருக்குக் கை எழவில்லை. பொன்னாடையை எடுத்துப்போய் அதன்மேல் போர்த்தினார்.

வயலில் ஜரிகை மின்னுவதாக ட்ரோன் புகார் கொடுத்தது. மானிய அதிகாரியே நேரில் வந்திறங்கி, விதிகளையெல்லாம் உரக்க ஒப்பித்துவிட்டுப் பொன்னாடையை விலக்கினார். குனிந்து ஒரு நெல்லைக் கிள்ளி முன்பல்லில் நசுக்கினார்.

"பால் புடிச்சிருக்கு," என்றார். "பள்ளிக்கூடம் போற வழியெல்லாம் இதைக் கடிச்சுக்கிட்டே போவேன். வயக்காரங்க வெரட்டுவாங்க."

"நாங்க வெரட்டல. இன்னொண்ணு கடிங்க சார்," என்றாள் செங்கமலம்.

கடித்தார். பிறகு பொன்னாடையைப் பழையபடி போர்த்திவிட்டு அறிக்கையைச் சொல்லிப் பதிவு செய்தார்: "உழவர் தமது பொன்னாடையை வயலில் உலர்த்துகிறார். பச்சை ஏதுமில்லை."

வண்டியில் ஏறும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அறுப்பு எப்பங்க?"