லிஃப்ட்காரர் ஏறிய படிகள்

அடுத்து மைக்கைப் பிடித்தவரும் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் மறைந்தவர் ஏறிய படிக்கட்டுக்கே வந்து சேர்ந்தார்.

லிஃப்ட் என்றால் கப்பலில்தான் வரவேண்டும் என்றிருந்த காலத்தில், அதை இங்கேயே செய்துகாட்டிய முதல் இன்ஜினியர். கரண்ட் போனால் அந்தரத்தில் தொங்காமல், மெல்ல இறங்கிப் பக்கத்து மாடியில் கதவைத் திறந்துவிடும் லிஃப்ட். முதல் சோதனையன்று யாரும் ஏறத் துணியாதபோது, நாற்காலி போட்டுத் தானே உள்ளே உட்கார்ந்துகொண்டு, மெயினை அணைக்கச் சொன்னவர்.

அப்படிப்பட்ட மனிதர் சாயங்காலமானால் தன் வீட்டுக்கு மட்டும் ஏன் ஏழு மாடி படியேறிப் போனார்?

கம்பெனி ஹாலில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள்.

உடற்பயிற்சி என்றார் நிர்வாக இயக்குநர். எவ்வளவு உயரம் போனாலும் சொந்தக் காலில் நின்றவர் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார் தொழிற்சங்கத் தலைவர். ஓர் இளம் இன்ஜினியர், இரும்புக் கயிற்றின் ஓசையைக் கேட்கத்தான் படியேறினார் என்றும், ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது, வழியில் சுவரில் காதை வைத்து அவர் கண்மூடி நின்றதைத் தானே பார்த்ததாகவும் சொன்னான்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்று அவர் கேட்டது மூன்றாவது மாடிப் புருஷன் பெண்டாட்டி சண்டையை. கேட்டுச் சொல்லுங்கள் என்று மேல் வளைவில் நின்றுகொண்டு அவரைச் சுவரோடு ஒட்டவைத்ததே அவள்தான்.

அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே அவள் லிஃப்ட் வாசலில் நின்று, தலை சுற்றுகிறது, பயமாக இருக்கிறது, ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மந்திரிகளையெல்லாம் பேசி ஏற்றிவிட்டவர், கட்டிய பெண்டாட்டியிடம் பேசிப்பார்த்து ஓய்ந்துபோய், அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு படியேறினார்.

அவளுக்குப் பயமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

காலையில் போனால் அவர் ஃபேக்டரிக்குச் சொந்தம். வீட்டுக்குள் காலை வைத்தால் பிள்ளைகள் கழுத்தில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகத் தொற்றிக்கொள்ளும். அது தீர்ந்தால் போன் அடிக்கும். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்தப் படிக்கட்டு மட்டும்தான். தினமும் அவர் வரும் நேரத்துக்குக் கீழே இறங்கி நின்றுகொள்வாள். ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று, அவர் மேனேஜர்களைப் போல நடித்துக்காட்ட, அவள் அக்கம்பக்கத்து வம்பையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள். லிஃப்டில் போனால் செருப்பைக் கழற்ற யோசிப்பதற்குள் வீடு வந்துவிடும்.

கடைசி வருஷங்களில் அவருக்கு முட்டி வலி வந்தபோது பொய் அவளைக் குத்தியது. பயமெல்லாம் போய்விட்டது, லிஃப்டிலேயே போகலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எனக்காகத் தைரியத்தை வரவழைத்துக்கொள்ளாதே, உடம்புக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் ஏறினார்.

இப்போது மேடையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்து போனாள். ஆனால் மைக்கைப் பார்த்ததும் யோசனை வந்தது. ஊரே மெச்சும் மனிதரை ஆயுசு முழுக்கப் படியேற வைத்தது தன்னுடைய நடிப்பு என்று எப்படிச் சொல்வது?

"எனக்கு லிஃப்டுன்னா பயம். அதனாலதான்" என்றாள்.

ஹால் எழுந்து நின்று கைதட்டியது. இளம் இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

செத்தவருக்கு முன்னாலும் பொய் சொல்லிவிட்டோமே என்று குமைந்தபடி வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழாதே என்று முதுகைத் தடவிக்கொடுத்தபோதுதான் அது அழுகை இல்லை என்று தெரிந்தது.

மகள் காதோடு காதாகச் சொன்னாள். காலேஜில் படிக்கும்போது ஒரு நாள் அப்பாவும் அவளும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே வீடு திரும்பினார்களாம். கீழே, எதிரே லிஃப்ட் கதவு திறந்ததாம். உள்ளே அம்மா, கையில் காய்கறிப் பை, கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு, வாயில் ஒரு பாட்டு. நாட்டின் முதல் லிஃப்டைச் செய்தவர், மகளையும் இழுத்துக்கொண்டு யாருடைய ஸ்கூட்டருக்கோ பின்னால் குனிந்து பதுங்கினாராம்.

அம்மா படிக்கட்டோரமாகப் போய் நின்று, முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்கிற வரைக்கும் பார்த்துவிட்டு, மகளிடம் கிசுகிசுத்தாராம்.

"அம்மாகிட்ட மூச்சு விடாதே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நாளையிலேருந்து லிஃப்டுல போயிடுவா."