பின்வரிசை

ஆண்டு விழாவுக்கு இன்னும் நான்கே நாள். பள்ளியின் பாட்டு அறையில் மாலை வெயில் உயரமான சன்னல்கள் வழியே சாய்ந்து விழ, பியானோவின் மேல் தூசி பொன்னாக மிதக்கிறது. வருஷம் முழுக்க மேல்ஸ்தாயியைத் தனியாகப் பாடிவந்ததால் குருவி என்று பட்டப்பெயர் பெற்ற பையன், கண்ணை மூடிக்கொண்டு முன்வரிசையில் நின்று பாடுகிறான். குரல் ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது, உச்சியில் சட்டென்று பிளந்து கரகரவென்று கீழே விழுகிறது. யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறான். "சளி சார்," என்கிறான் குருவி. அதுவும் உடைந்தே வருகிறது. "சளி இல்லப்பா, குரல் உடையுற வயசு," என்று பாட்டு வாத்தியார் மெல்லச் சொல்லி, பியானோக் கட்டைகளிலிருந்து கையை எடுக்கிறார். வெளியே மைதானத்தில் பந்து உதைபடும் சத்தம் மட்டும் கேட்கிறது. குருவி பாட்டுத்தாளை மடித்து மடித்து விரலளவாக்குகிறான். "நான் தனியாப் பாடுறதைக் கேக்க அப்பா லீவு போட்டிருக்காரு சார்." குரல் உடைந்தவர்கள் நிற்கும் பின்வரிசையில், போன வருஷம் இதே பாட்டைத் தனியாகப் பாடியவன் நகர்ந்து இடம் விடுகிறான். "இங்க வாடா. நானும் இப்படித்தான் அழுதேன்." "நான் ஒண்ணும் அழல," என்று தடித்த குரலில் சொல்லிக்கொண்டே குருவி பின்வரிசைப் படியேறுகிறான். பாட்டு மறுபடி தொடங்குகிறது. எல்லாக் குரல்களும் கலந்து எழும்போது, அதில் தன்னுடையது எது என்று அவனுக்கே தெரியவில்லை.