ஒரு தலை குறையும்

"உள்ள வாங்க சித்தப்பா. வாசல்லயே நின்னா எப்படி?"

"இருக்கட்டும்டா அர்ஜுனா. இங்கயே காத்து நல்லா வருது" என்று, செருப்புகளுக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துகொண்டார் எத்திராஜ். அர்ஜுனனின் மனைவி லாவண்யா நீட்டிய காபியைத் தொடவில்லை.

ஜீவனஹள்ளியின் அந்தக் குறுகல் மாடிப்படியில் என்ன காற்று வரும்? கோபம்தான். மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஒரு பை சாமையாவது கொண்டுவருகிற மனுஷன், இன்று வெறுங்கையோடு வந்திருக்கிறார். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

கோபப்பட மாட்டாரா பின்னே? போன வாரம் போனில் எவ்வளவு கெஞ்சினார்!

"நம்ம மாதிரி மலை ஊருக்கு இருநூத்தம்பது தலை இருந்தாத்தான் ரோடாம்டா. ஞாயித்துக்கெழம எண்ண வராங்க. ஒரு தலை குறையும் போல இருக்கு. உன் பேரு இன்னும் இங்க ரேஷன் கார்டுல இருக்கு, வந்து நின்னுட்டுப் போயிடு."

"குறையுமா? யாரு ஊரவிட்டுப் போறாங்க?"

"நீ வந்துட்டுப் போடா" என்றார் அவர்.

"லீவு கெடைக்காது சித்தப்பா" என்று போனை வைத்துவிட்டான். லீவு இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை லாவண்யாவும் அவனும் லால்பாக்கில் மலர்க்கண்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பொய் இப்போது உறுத்தியது. "என்னால ரோடு போச்சா சித்தப்பா?"

"போகல. சரியா இருநூத்தம்பது. ரோடு உண்டுன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

அர்ஜுனனுக்கு அப்பாடா என்றிருந்தது. "பாத்தீங்களா, நான் இல்லாமயே ஆயிடுச்சு!"

"இத வாய்விட்டு வேற சொல்லிக்கிறீங்களா?" என்று லாவண்யா முறைத்தாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மா என்னைத் திட்டுச்சா?"

"திட்டல. உனக்குப் போன் போடறப்பவே சொல்லிடுச்சு. 'ஊருக்காகன்னு மட்டும் கூப்பிடு, வேற எதையும் சொல்லி அவன வரவைக்காத'ன்னு."

"அதுக்கு அந்த வீம்பு மட்டும் போகாது. எண்ண வந்தவங்களயாவது சும்மா விட்டுச்சா? தண்ணி வரல, கரண்டு வரலன்னு புடிச்சு உலுக்கியிருக்குமே!"

"இல்லடா. செவுத்தோரமா போத்திப் படுத்திருந்துச்சு. 'எழுப்பட்டுமா சார்'னு கேட்டேன். 'வேணாம், வயசானவங்க, தூங்கட்டும்'னு சொல்லி எழுதிக்கிட்டாரு."

அர்ஜுனன் சிரித்துவிட்டான். "அம்மாவாவது, பகல்ல தூங்கறதாவது! ரோடு வரட்டும் சித்தப்பா. மொத வண்டியிலயே அத இங்க கூட்டிட்டு வந்து, ஒரு மாசம் வெச்சுக் காப்பாத்தறேன். லால்பாக்கெல்லாம் காட்டறேன்."

எத்திராஜ் அவன் முகத்தைப் பார்க்காமல் தலைத்துண்டை அவிழ்த்தார். புது மொட்டை. பிளேடு கீறிய இடம் இன்னும் காயவில்லை.

லாவண்யா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அர்ஜுனனின் சிரிப்பு மட்டும், அணையத் தெரியாமல் இன்னும் உதட்டிலேயே நின்றது.

"எண்ண வந்தவங்க மலை எறங்கினப்புறந்தான்டா, உங்கம்மாவ எடுத்தோம்."