மூவாயிரத்துக்குக் கீழே

பொன்னாடை இடது தோளில் நிற்கவில்லை.

போர்த்துகிறவருக்கு ஒரு கைதான் வேலை செய்கிறது. வலது கையால் ஒரு முனையைத் திவாகரின் தோளில் போட்டுவிட்டார். மறுமுனை தரையைக் கூட்டுகிறது.

கைதட்டல் மட்டும் குறையவில்லை.

குடியரசு தினம். காலனிப் பூங்கா. கொடி ஏற்றியாயிற்று, ஆரஞ்சு மிட்டாயும் கொடுத்தாயிற்று. இனி மைக், நலச்சங்கச் செயலாளர் தண்டபாணியின் பாடு.

"இந்தக் காரப் பார்த்து நாமெல்லாம் சிரிச்சோமுங்க. இன்னிக்கு அதுதான் நம்ம சென்னியப்பண்ணனோட உசிரக் காப்பாத்தியிருக்குது. ராக்கெட்டுங்க அது!"

சிரித்தது உண்மைதான். முப்பது வருஷத்துப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காரலாம். உட்கார்ந்தவரை எழுப்ப மூன்றாவது ஆள் வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் மனிதர்கள் யோகா வகுப்பில் சேருவார்கள். பம்பு கம்பெனி மேனேஜர் திவாகர் அந்தக் காரை வாங்கி, அதன் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் வைத்தான்.

அது என்னவென்று எங்கள் தெருப் பூக்காரம்மாவுக்குக்கூடத் தெரியும். எஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாதாம். பெல்ட்டில் சுற்றும் ஊதுபெட்டி ஒன்று காற்றைப் பிடித்து உள்ளே திணிக்குமாம். வீடு வீடாக அவனே சொன்னதுதான்.

"பச்சை விழட்டுமுங்க. அப்புறம் என்ற கண்ணாடில ஒருத்தனும் தெரிய மாட்டான்."

சொல்லாதது ஒன்று உண்டு.

பட்டறையில் மெக்கானிக் ஸ்டான்லி சொன்னது. பழைய பிஸ்டன் இந்த ஊதலைத் தாங்காது, புதுசு போட்டிருக்கிறது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் பதமாக ஓட்ட வேண்டும். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மூவாயிரத்தைத் தாண்டவே கூடாது. தாண்டினால் போட்டதெல்லாம் வீண்.

நாலு மாதம் பீற்றிக்கொண்ட பிறகு, இப்போதைக்குப் பால் வண்டி வேகத்தில்தான் போகும் என்று எந்த வாயால் சொல்வது?

அதனால்தான் டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, எதிர்வீட்டுச் சென்னியப்பன் செய்தித்தாளோடு வாசற்படியில் சரிந்தபோது, வாய் ஒருபக்கம் கோணியபோது, ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும் என்றபோது, தெரு மொத்தமும் ஒரே கேட்டைத் தட்டியது.

"திவாகரு, உன்ற காரை எடு கண்ணு!" என்று கத்தினாள் சென்னியப்பன் மனைவி கமலவேணி.

நாலு பேர் அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அவளுக்கு இடமில்லை. ஆட்டோ பிடித்துப் பின்னால் வந்தாள்.

மேம்பாலம் காலியாகக் கிடந்தது.

முள் இரண்டாயிரத்து எண்ணூறு. கால் இன்னும் கொஞ்சம் அழுத்தியது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். ஊதுபெட்டி லேசாகச் சீழ்க்கையடிக்கத் தொடங்கியது.

கால் எடுத்துக்கொண்டது.

கால்தான். தான் எடுக்கவில்லை என்று அன்றிலிருந்து தனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பாலம் முடியும்வரை முள்ளைத்தான் பார்த்தான். பக்கத்து சீட்டைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கமலவேணி முன்னமே வந்து நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் ஆட்டோக்காரர் பீடியை அணைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோக்காரர்களுக்குத் தெரியாத சந்து உண்டா என்று தெரு பிற்பாடு சமாதானம் கண்டுபிடித்தது. ராக்கெட்டை விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனசில்லை.

பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் கையும் பிழைத்திருக்கும் என்று டாக்டர் நர்சிடம் சொன்னது, தெருக்காரர்களில் திவாகர் ஒருவன் காதில்தான் விழுந்தது.

அன்றிலிருந்து கார் உறைக்குள் இருக்கிறது. கண்ணு பட்டுவிடும் என்று பயப்படுகிறானாம். கமலவேணி ஞாயிறு தவறாமல் ஒப்பிட்டு, அதாவது போளி, சுட்டு அனுப்புகிறாள். நெய் வாசனை மூன்று வீடு தாண்டி வருகிறது. அவன் மட்டும் தொடுவதில்லை. சர்க்கரையோ என்னவோ, நாங்கள் கேட்கவில்லை. கேட்டோம், அவன் மனைவி சொல்லவில்லை.

சென்னியப்பனின் அந்தக் கை இப்போது பூங்காவில் அவன் முன்னால் தொங்குகிறது.

தரையில் கிடந்த முனையை அவனே எடுத்து, அவனே இடது தோளில் போட்டுக்கொண்டான். எங்கள் காலனியில் இதற்கு முன் தனக்குத்தானே பொன்னாடை போர்த்திக்கொண்டவர் தண்டபாணி மட்டும்தான்.

சென்னியப்பன் இன்னும் கிட்டே வந்தார். தைல வாசனை. முப்பத்து நாலு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். தெருமுனையில் வண்டி திரும்பினால், வீட்டுக்குள் இருந்தபடி என்ன கியர் என்று சொல்வார்.

அன்று பக்கத்து சீட்டில் வாய்தான் கோணியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது.

அந்த வாய் அவன் காதருகே மெல்ல அசைந்தது.

"மூவாயிரத்தத் தாண்டவே இல்லீங்களே தம்பி... புது பிஸ்டனுங்களா?"

வேறு யாருக்கும் கேட்கவில்லை. தண்டபாணி மைக்கில் ராக்கெட்டை மறுபடியும் விட்டுக்கொண்டிருந்தார்.

அவன் தலை தாழ்ந்தது.

அந்த நேரம் பார்த்து யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். சங்க அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது. பொன்னாடை. தொங்கும் கை. குனிந்த தலை.

என்ன அடக்கம் பாருங்கள் என்கிறது தெரு.