கடிவாளம்

ஏழாம் நாள் மாலை, மலைக்குப் படம் எடுக்க வந்திருந்த பெர்மெத் குதிரையை விட்டு இறங்கியபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"பனிச்சிறுத்தை கிடைச்சுதா தங்கச்சி?" கடிவாளத்தை வாங்கிக்கொண்டான் சாதிர். நாரின் மலையில் ஆடு மேய்ப்பவன். தினமும் இந்தச் சாம்பல் குதிரைக்கே சேணம் கட்டித் தருவான். வேறு குதிரை கேட்டாலும் தரமாட்டான்.

"தாயும் ரெண்டு குட்டியும் அண்ணே! இரை வைக்கல, கிட்டப் போகல. குகைக்கு எதிர்ச்சரிவுல குதிரையைக் கட்டிட்டு, அங்கேருந்தே படம் எடுத்தேன்."

"எந்தப் பக்கம்?"

"அதை மட்டும் கேக்காதீங்க. படத்துல தானா பதிவாகுற இடக்குறிப்பைக்கூட அழிச்சாச்சு. செத்தாலும் என் வாயிலேருந்து வராது."

"சொல்ல வேணாம் தாயி. என் பதினோரு ஆட்டைத் தின்னவளை நானும் குளிர்காலம் முழுக்கத் தேடிட்டேன், சிக்கல." சாதிர் சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றினான்.

காலையில் அவள் ஜீப்பில் ஏறும்போது, சாதிர் சாம்பல் குதிரைமேல் இருந்தான். முதுகில் துப்பாக்கி.

"எங்க கிளம்பிட்டீங்க அண்ணே?"

"எனக்கென்ன தெரியும்?" கடிவாளத்தைக் குதிரையின் கழுத்தில் தளர்த்திப் போட்டான். "ஏழு நாள் போய் வந்தது இதுதானே!"

குதிரை தயங்கவே இல்லை. அவள் தினமும் திருப்பிய அதே பிளந்த பாறையருகே, தானாகவே திரும்பியது.