வெயில் படாத பெயர்

மூன்றாவது ரவுண்டு முடிந்து ரெமிஜியஸ் முக்காலியில் வந்து விழுந்தபோது, அவனுடைய இடது கண் இருந்த இடத்தில் ஒரு வீக்கம்தான் இருந்தது.

நாணு துண்டை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க ரத்தம் வந்தது. ஜட்கா ஓட்டுகிறவன் நாணு. குதிரையைத் தேய்த்துவிடும் அதே கைதான் சண்டை நாட்களில் ரெமிஜியஸையும் தேய்த்துவிடும். ஆனால் எந்தக் குதிரையும் இப்படி அடி வாங்கி அவன் பார்த்ததில்லை.

எதிர் மூலையில் சார்ஜென்ட் பக்லி உட்காரக்கூட இல்லை. கயிற்றில் சாய்ந்து நின்று, கூடாரத்தின் முன்வரிசையில் இருந்த துரைமார்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். எட்டு வருடம் கழித்து அவனுடைய பட்டாளம் பெங்களூருக்குத் திரும்பியிருந்தது. வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்ததே தவிர, கை பழைய கைதான்.

"போதும்டா, தோத்துட்டோம்னு துண்டத் தூக்கிப் போட்டுடறேன். இன்னொரு ரவுண்டு போனா உங்கம்மாகிட்ட உன் பொணத்தத்தான் எறக்கணும்" என்றான் நாணு.

ரெமிஜியஸ் வேண்டாம் என்று தலையசைத்தான். வாய் நிறைய ரத்தம். வலது கையை மட்டும் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தான்.

நாணுவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு அடியும் அந்தக் கையால் வந்ததுதான். மூன்று ரவுண்டிலும் வலது கையால் ஒரு குத்துகூட விடவில்லை, பைத்தியக்காரன். கையுறையில் இருக்கும் பெயர் அழிந்துவிடுமாம்.

பக்லியின் பழைய கையுறை அது. போன முறை வந்தபோது விட்டுவிட்டுப் போனது. குத்துகிற பக்கத்தில், முட்டிகளுக்குக் குறுக்கே, அவனே காப்பியிங் பென்சிலால் போட்ட கையெழுத்து. அதை ரெமிஜியஸ் காப்பாற்றிய அழகை என்னவென்று சொல்வது. கறுப்புத் துணியில் சுற்றி, தகரப் பெட்டியின் அடியில் வைத்து, அது போதாதென்று அந்த அறையின் ஜன்னலுக்கும் கோணியைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தான். பெட்டிக்கு மேலே சுவரில், காய்ச்சலில் செத்துப்போனதாக வீட்டில் சொன்ன அண்ணன் அலெக்சாண்டரின் படம். அதற்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றக்கூட விடமாட்டான், வெளிச்சம் ஆகாதாம்.

ஒரு நாள் நாணு விளையாட்டாகக் கையுறையை வாசலுக்கு எடுத்துப் போனான். மூத்தவன் என்றும் பாராமல் ரெமிஜியஸ் தாடையில் ஒன்று விட்டான். அதற்கப்புறம் இரண்டு நாள் நாணு கஞ்சிதான் குடித்தான்.

வெயில் பட்டால் போய்விடும், அவ்வளவுதான் அவன் சொன்ன காரணம். ரயில்வே பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்குகிற அவனுக்கு அது தெரியாமல் இருக்குமா. அங்கே விலாசமெல்லாம் அந்தப் பென்சிலால்தான் எழுதுவார்கள். வெயிலில் கிடந்த மூட்டையில் எழுத்து வெளுத்துப்போகும். மழையில் நனைந்த மூட்டையிலோ அது ஊதாவாகப் பொங்கி, தூக்குகிறவன் தோளில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். எத்தனை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

வெள்ளைக்காரன் பெயரை இப்படிக் கும்பிடுகிறானே என்று தெருவே சிரித்தது. இன்று அந்தப் பழைய கையுறையைப் பார்த்து ரெஃபரி முகம் சுளித்தபோது, பக்லிதான் தன் கையெழுத்தை அடையாளம் கண்டு, போட்டுக்கொள்ளட்டும் என்றான். சிரித்துக்கொண்டே ரெமிஜியஸின் தோளில் தட்டியும் கொடுத்தான்.

மணி அடிக்கும் நேரம். ரெமிஜியஸ் முக்காலியிலிருந்து குனிந்து, காலடியில் இருந்த வாளித் தண்ணீரில் வலது கையை மணிக்கட்டுவரை முக்கினான்.

நாணு துண்டைக் கையில் எடுத்தான். எட்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு நொடியில் பாழாக்கிவிட்டானே. வாங்கிய அடியில் புத்தி பிசகிவிட்டது, இனி விட்டால் செத்துப்போவான். துண்டை வீசக் கையை ஓங்கினான். அதற்குள் மணி அடித்துவிட்டது.

ரெமிஜியஸ் நேராக நடந்து போனான். பக்லியின் முதல் குத்தில் அவன் மூக்கெலும்பு உடைந்த சத்தம் மூலைவரை கேட்டது. அவன் நிற்கவில்லை. அடுத்ததையும் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். அந்த வலது கை வராது என்று மூன்று ரவுண்டாகப் பழகிப்போயிருந்த பக்லி, அந்தப் பக்கம் கன்னத்தை மூடவே இல்லை.

அது வந்தது.

ஈரத்தோல் சதையில் அறைந்தது. பக்லியின் பல் ஒன்று தெறித்து மேடையில் உருண்டது. ரெமிஜியஸ் கையை உடனே எடுக்கவில்லை. கையுறையைக் கன்னத்தோடு சேர்த்து வைத்து அழுத்தினான். எடுத்தபோது பக்லியின் முழங்கால்கள் மடிந்தன, பின்மண்டை பலகையில் மோதியது.

ரெஃபரி எண்ணி முடித்தார். மூச்சு இருந்தது, ஆனால் பக்லி எழவில்லை. அவனுடைய கன்னத்தில் அவனுடைய பெயரே ஊதாவாக, இடவலம் மாறிப் படிந்திருந்தது. முன்வரிசையில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

மூலையில் நாணு கையுறையின் கயிற்றை அவிழ்த்தான். பெயர் இருந்த இடத்தில் வெறும் கறைதான் மிச்சம். ஆனாலும் பழக்கதோஷத்தில் அவன் கறுப்புத் துணியைத் தேடினான்.

ரெமிஜியஸ் கையுறையை வாங்கிக் கூடாரத்துக்கு வெளியே, வெயிலில் விட்டெறிந்தான். வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்.

"எங்கண்ணன் மூஞ்சிலயும் இவன் இப்படித்தான் நனச்சுக் குத்தினான், எல்லாரும் சிரிச்சாங்க. மூணாம் நாள் அண்ணன் செத்துட்டான். பொட்டில வைக்கறதுக்கு முன்ன அம்மா தேச்சுத் தேச்சுப் பாத்தாங்க, நாணண்ணே. அந்தப் பேரு போகவே இல்ல."