இன்னும் ஒரு திருத்தம்

“இந்தப் பெயர் பொருத்தமாக இல்லை. மாற்றவும்.”

திரையில் வந்து விழுந்த குறிப்பை அவள் இரண்டு தடவை படித்தாள். போன வாரம் புரோகிராமில் அந்தப் பெயரை வைக்கச் சொன்னதே டீம் லீட்தான்.

“திரும்பவும் அனுப்பிட்டாரா?” பக்கத்து இருக்கைக்காரன் நாற்காலியோடு உருண்டு வந்து எட்டிப் பார்த்தான்.

“அவர் சொன்ன பேரையே அவர் வேண்டாங்கறார்.”

“நேத்து என்னவாம்?”

“ஒரு வரியில இடைவெளி அதிகமா இருக்காம்.”

“கமா இருந்துச்சா? அதை விட்டிருக்க மாட்டாரே.”

ஒரு மாதமாக லீடுக்குக் ‘கமா சார்’ என்றே பெயராகிவிட்டது. மற்றவர்கள் எழுதும் புரோகிராமுக்கு அன்றைக்கே ‘சரி’ போட்டுவிடுவார். அவளுடையதில்தான் கமா தேடினார்.

அவள் எழுதியது பயணச்சீட்டை ரத்து செய்யும் ஒரு இணையப் பக்கம். அது ஒழுங்காக ஓடியது. சோதித்துப் பார்த்தவர்களும் குறை சொல்லவில்லை. ஆனால் லீட் ‘சரி’ போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

ஆட்குறைப்பு வருகிறது என்று அலுவலகத்தில் பேச்சு. காபி மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றாலே குரல் தாழ்ந்துவிடும். வேலையை இழுத்தடிப்பவர்கள்தான் முதலில் போவார்கள் என்று எல்லோரும் நேரில் பார்த்ததுபோலச் சொன்னார்கள்.

அவளுக்கு இந்த மாதத்தைத் தாண்டினால் போதும். கணவனுக்கு இதய வால்வு மாற்ற மாதக் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். செலவு கம்பெனி இன்சூரன்ஸில். வேலை போனால் அன்றோடு அதுவும் போய்விடும்.

லீடின் மேசைக்குப் போனாள்.

“சார், இன்னிக்காவது முடிச்சிடலாமா?”

அவர் நிமிரவில்லை. “என்ன அவசரம்? நிதானமாப் பண்ணுங்க.”

“எனக்கு அவசரம்தான் சார். லீவு கேட்டிருக்கேன், உங்களுக்கே தெரியும். எங்க வீட்டுக்காரருக்கு…”

“தெரியும்.” கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த மேனேஜர் அறையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “பேரை மாத்தி அனுப்புங்க. பாக்கறேன்.”

மத்தியானம் கணவன் போன் செய்தான்.

“ஏன் மூஞ்சிய உம்முனு வச்சிருக்கே?”

“போன்ல மூஞ்சி தெரியுதாக்கும்?”

“குரல்லயே தெரியுது.”

“இங்க ஒரு ஆள் தினமும் என் கழுத்தை அறுக்கறான்.”

“எனக்கு நெஞ்சு, உனக்குக் கழுத்து. ஆளுக்கொரு இடம்.”

சிரித்துவிட்டாள். போனை வைத்த பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

“வேணும்னே பண்றார் சார். புதுப் பேர் வைக்கச் சொல்றார். வச்சா அதையும் மாத்தச் சொல்றார். நீங்களே பாருங்க.”

மேனேஜர் பொறுமையாகப் பார்த்தார். “இதை என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே,” என்றார் கனிவாக. பிறகு லீடைக் கூப்பிட்டார்.

“ஒரு மாசமா இதை எதுக்கு உக்கார வச்சிருக்கீங்க?”

“இன்னும் கொஞ்சம் மெருகேத்தலாம்னு…”

“நாம என்ன நகையா செய்யறோம்?”

லீட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் தாமே ‘சரி’ போட்டார். திரையில் அவள் பெயருக்கு எதிரே இருந்த சிவப்பு பச்சையானது.

வெளியே வந்ததும் லீட் தாழ்ந்த குரலில், “மாசக் கடைசி வரைக்கும் பொறுத்திருக்கலாமேம்மா,” என்றார்.

“ஏன் சார்? குறை சொல்ல வேற ஆள் கிடைக்கலையா உங்களுக்கு?”

சத்தமாகவே கேட்டாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் அறைக் கதவு திறந்தே இருந்தது. பேசாமல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

“கமாவுக்கே முற்றுப்புள்ளி வச்சுட்டே, போ!” என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

அன்று வீட்டில் அவள் கணவனுக்கு அந்தக் காட்சியை நடித்துக் காட்டினாள். லீட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தை இன்னொரு தடவை நடிக்கச் சொல்லிக் கேட்டான்.

மறுநாள் காலையில் எச்.ஆர். அறையிலிருந்து அழைப்பு வந்தது. மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரும் டிஷ்யூ பெட்டியும் அவள் உட்காரும் பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தன.

“மன்னிச்சிடுங்க. இன்னிக்குத்தான் உங்களுக்குக் கடைசி நாள்,” என்றாள் எச்.ஆர். பெண். “உங்க வேலையில எந்தக் குறையும் இல்லை. அதை எழுதியே கொடுத்துடறோம்.”

“எப்படி மேடம்? நேத்துதானே முடிச்சேன். எதுவுமே பாக்கி இல்லையே.”

“அதனாலதான். கையில வேலை பாதியில நிக்கறவங்களை இந்த மாசம் தொடக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. முடிச்சவங்களைத்தான் அனுப்பறோம்.”

“இது… எங்க யாருக்கும் தெரியாதே?”

“வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லித்தான் லீடுங்களுக்கே சொன்னோம், போன மாசம். எல்லாரும் கேட்டுட்டுப் பேசாமப் போயிட்டாங்க. உங்க லீட் மட்டும் தனியாத் திரும்பி வந்து, ‘சின்னத் திருத்தம் பாக்கி இருந்தாலும் அது முடியாத வேலைதானே?’ன்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுப் போனார்.”